தள்ளி நின்று பார்க்கிற எழுத்து

மதிக்கு, அம்மா எழுதுகிறேன். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று இதில் கேட்கப்போவதில்லை. அதைத்தான் இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நீ "ம்" என்கிறாய், நான் "சரி" என்கிறேன், அதோடு முடிந்துவிடுகிறது. நான் சொல்ல வேண்டியது வேறு. அதைப் போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் கத்திவிடுவேன். என் குணம் உனக்குத் தெரியாததா? அதனால்தான் பத்தாவது வரை படித்த படிப்பை நம்பி, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் கோபால் மாமா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான். கையெழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. எழுத்தையே தொழிலாக வைத்திருக்கிற பிள்ளைக்கு எழுத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

வியாழக்கிழமை உன் கல்யாணப் பத்திரிகை வந்தது. நீ வரவில்லை, பத்திரிகை வந்தது. ஊருக்கு வைக்க ஐம்பது, எனக்கு ஒன்று, எல்லாம் ஒரே பார்சலில். பெற்ற பிள்ளையின் பத்திரிகையைக் கையெழுத்துப் போட்டு வாங்கினவள் லைட்ஹவுஸ் குப்பத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கல்யாணம் பெங்களூரிலேயே என்று போட்டிருக்கிறது. இருக்கட்டும். ரேவதி முகம் போட்டோவில் நன்றாக இருக்கிறது, என்னைப் போலக் கோபக்காரி மாதிரி தெரியவில்லை, பிழைத்தாய். ஆனால் உறையைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது அவள் முகத்தை இல்லை. உங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதியிருந்தாயே, அந்த எழுத்தைத்தான். தடித்த, கறுத்த, முனை முனையாக உடைந்த எழுத்து. நான் வெள்ளை பெயின்ட் அடித்து மூடின அதே எழுத்து. நேரம், இடம், உறவுக்காரர் பெயர் எல்லாம் கீழே சாதாரண எழுத்தில் இருந்தது. "இத பொடிசா எழுதக் கூடாதும்மா, மசி அப்பிக்கும். ரெண்டு மூணு வார்த்தைக்குத்தான், அதுவும் பெருசா" என்று நீ அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது நான் காதில் வாங்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

நீ சின்ன வயதிலிருந்தே எழுத்துப் பைத்தியம். மற்ற பிள்ளைகள் பந்து விளையாடினால், நீ பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்குள் போய், கல்லின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருப்பாய். வீட்டுச் சுவரெல்லாம் அந்தத் தாள்தான். செத்தவர்கள் பெயரை வீட்டுக்குள் ஒட்டாதே என்று நான் கிழித்துப் போட்டிருக்கிறேன். கல்லில் இருக்கிறது வேறு வகை, அந்த டச்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் புத்தகத்தில் அச்சடித்த எழுத்து இன்னும் கறுப்பாக இருக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாய். பிறகு மீஞ்சூரில் ஸ்டிக்கர் கடை வேலைக்குப் போனாய். பைக் டேங்குக்கு, வேன் கண்ணாடிக்கு இங்கிலீஷில் அந்தக் கறுப்பு எழுத்தைத்தான் வெட்டிக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று சொல்வாய். பையன்கள் கையில் பச்சை குத்திக்கொள்வதும் அதுதான், இங்கிலீஷ் பேப்பர்காரன் தலைப்பில் போடுவதும் அதுதான், பட்டம் வாங்கினவன் சட்டம் போட்டு மாட்டுவதும் அதுதான் என்று ஒரு நாள் சோறு ஆறுகிற வரைக்கும் பேசினாய். ரவுடிக்கும் பட்டதாரிக்கும் ஒரே எழுத்தா என்று கேட்டேன். "பாத்தவுடனே நெஞ்ச நிமித்துற எழுத்தும்மா அது, அதான் எல்லாருக்கும் வேணும்" என்றாய். உன் நைனா உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் இருந்த வரைக்கும் இந்த வீட்டில் நாம் மூன்று பேரும் எதைப் பற்றியும் பேசுவோம், இல்லையா?

உன் நைனா பெயரை நான் வாயால் சொன்னது கிடையாது. எழுதுவேன், அதில் தடையில்லை. ஏழுமலை. பார், எழுதிவிட்டேன். ரேஷன் கார்டு ஆபீசில் புருஷன் பெயர் என்ன என்று கேட்டால் பேனாவை வாங்கி எழுதிக் காட்டுவேன். புரட்டாசி மாதத்தில் ஊரே ஏழுமலையானைக் கூப்பிடும்போது நான் மட்டும் "திருப்பதி சாமி" என்பேன். உன் நைனாவுக்கு இதில் ஒரு விளையாட்டு. "ஒரே ஒரு வாட்டி பேர் சொல்லிக் கூப்புடு, மோதிரம் வாங்கித் தரேன்" என்பார். "வாங்கினு வா, அப்புறம் பாக்கலாம்" என்பேன். அவரும் வாங்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. நெஞ்சுவலி என்று பொன்னேரிக்கு வண்டியில் கொண்டுபோகிறபோதுகூட "இன்னாங்க, இன்னாங்க" என்றுதான் கத்தினேன். அந்த ஒரு வார்த்தையை என் வாயால் கேட்காமலே போய்விட்டார். ஊருக்கு இது பெரிய விஷயமில்லை. எனக்கு அது இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது.

அவர் போன பிறகு நம் மீன்பிடி போட்டை மாமா ஓட்டினான். கரைக்கு வந்ததும் மீனை அள்ளிக்கொண்டு ஏலத்துக்குப் போவது என் வேலை. அந்த வருஷமே என் கண் மங்க ஆரம்பித்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் போய்விட்டான், கண்ணும் போய்விட்டது என்று கஸ்தூரி வாயில் விழுவதற்கு எனக்கென்ன தலையெழுத்தா? நம் பக்கத்து வீட்டுக்காரி கெட்டவள் இல்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்தால் பொன்னேரி வரைக்கும் தெரியும். காலையில் இருபது பைபர் போட்டு வரிசையாக வரும்போது எனக்கு எல்லாமே ஒரே வெள்ளைப் புகை. பதிவு நம்பர் இருக்கிறது, அதிகாரி கிட்டே வந்து படிப்பதற்கு. எனக்கு அது எறும்பு. பக்கத்தில் நிற்கிறவளிடம் கேட்கலாம் என்றால், நம் கரையில் போட்டுக்காரன் பெயரைச் சொல்லித்தான் போட்டைக் கேட்க வேண்டும். "ஏழுமலை போட்டு வந்துச்சா" என்று ஊரே கேட்கும். நான் எப்படிக் கேட்பது? அதனால் மற்றவர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள், மாமாவின் குரல் எங்கே கேட்கிறது என்று பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் தப்பாகிவிட்டது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, அன்னக்கூடையைப் போட்டின் விளிம்பில் வைத்து, சங்கரா மீனாகப் பொறுக்கி உள்ளே போட ஆரம்பித்துவிட்டேன். பாதிக் கூடை நிரம்பியபோது மேலேயிருந்து ஒருத்தன், "யக்கா, இன்னா பண்ற? இது உங்க போட்டு இல்லக்கா" என்றான். அடுத்தவன் போட்டில் மீனைத் தொட்டால் நம் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "தெரியும்டா, நீ முழிச்சினு கீறியான்னு பாத்தேன்" என்று சிரித்துக்கொண்டே கூடையைக் கவிழ்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ மீஞ்சூர் வேலைக்குக் கிளம்பி, பைக் சாவியோடு கரையில் நின்றுகொண்டிருந்தாய். நீ மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனித்தேன். ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை, உனக்கு என்னால் வெட்கமாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் உன் மேல் எனக்குக் கோபம் ஏற ஆரம்பித்தது. செய்தது நான், கோபம் உன் மேல். இதை இத்தனை நாள் கழித்து எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் மூன்று மாதம் நீ வேலை விட்டு வந்ததும் சார்ட் பேப்பரை விரித்துக்கொண்டு பட்டை பிரஷோடு உட்கார்ந்துவிடுவாய். என்னடா என்றால், "நைனா பேரும்மா" என்பாய். அவர் போய் ஒரு வருஷம் ஆனதும் போட்டில் எழுதப்போவதாகச் சொன்னாய். எனக்கும் சந்தோஷம்தான். அவர் பெயரை நான் ஒரே மாதிரிதான் பார்த்திருக்கிறேன், ரேஷன் கார்டில், எங்கள் கல்யாணப் பத்திரிகையில், என் கையெழுத்தில். உருண்டையாக, அவர் முகம் மாதிரி. அந்தக் காலையில் கரைக்கு வந்து பார்த்தால், வெள்ளைப் போட்டின் இரண்டு பக்கமும் கன்னங்கரேலென்று என்னமோ நிற்கிறது. ஒவ்வொரு கோடும் கை அகலம். வளைய வேண்டிய இடத்தில் எல்லாம் முறித்து, தலையிலும் காலிலும் முனை வைத்து, ஒன்றோடு ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கஸ்தூரி வந்தாள். "இன்னா யக்கா இது, பல்லு பல்லா கீது? பேய்ப் படமா?" என்றாள். நீ ஓடி வந்து எனக்கு விளக்க ஆரம்பித்தாய். "பிரஷ்ஷ ஒரே சாய்வுல புடிச்சு எழுதணும்மா. கோடு எவ்ளோ தடிப்போ நடுவுல வெள்ளையும் அவ்ளோ விடணும். வலை மாதிரி, நூலு மட்டும் இருந்தா ஆவாது, கண்ணும் சரியா இருக்கணும். இங்கிலீஷுக்கு நெறைய இருக்குது. நம்ம எழுத்து பூரா வளைவு, அதான் கஷ்டம். இந்த 'ழு' இருக்குது பாரு, அத உடைச்சு உடைச்சே ரெண்டு மாசம் போச்சு" என்றாய். நீ சொன்னதில் எனக்கு ஒரு சொல்தான் காதில் விழுந்தது. "உங்க நைனாவ உடைச்சு வச்சிருக்கியாடா" என்று கத்தினேன். கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

நீ அப்போது ஒன்றே ஒன்று சொன்னாய். "தள்ளி நின்னு பாரும்மா." மறுபடியும் சொன்னாய். மூன்றாவது தடவை என் கையைப் பிடித்து இழுத்தாய். நான் உதறிவிட்டு, எழுத்தில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றுகொண்டு, "இதுல எங்கடா அவரு இருக்காரு, காட்டு" என்று கேட்டேன். மறுநாள் நீ வேலைக்குப் போனதும் மாமா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் வெள்ளை பெயின்ட் வாங்கி இரண்டு பக்கமும் அடித்துவிட்டேன். சாயங்காலம் நீ வந்து பார்த்தாய். சாப்பிட்டாய், தட்டைக் கழுவி வைத்தாய். நீ திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்த மாதம் முடிவதற்குள் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது என்று பையைத் தூக்கினாய். பஸ் ஏற்றிவிட நான் வரவில்லை. அடுப்பில் வேலை இருப்பதாகச் சொன்னேன். அடுப்பில் ஒரு வேலையும் இல்லை, மதி.

நீ போன பிறகு அந்த எழுத்து என்னை விடவில்லை. மழைக்காலம் முடிந்து உப்புத் தண்ணீரில் பெயின்ட் தேய்ந்ததும் கறுப்பு நிழலாக மேலே வந்தது. மறுபடியும் அடித்தேன். அடுத்த மழைக்கும் வந்தது. நீ வராமல் இருக்கிற வீட்டுக்கு அது மட்டும் வந்துகொண்டிருந்தது. சமைக்கும்போது கை தானாக உனக்கும் சேர்த்து அரிசி அள்ளிவிடும், அப்புறம் திரும்பக் கொட்டுவேன். பழவேற்காட்டுக்கு மீன் கொண்டுபோகும் நாளில், பொன்னேரி பஸ் வந்து நின்றால் கடைசி ஆள் இறங்குகிற வரைக்கும் பார்ப்பேன். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை "சரி"யில் எப்படிச் சொல்வது? உன்னைப் பார்க்க வேண்டும் என்று நான் ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

போன மாதம் பழவேற்காட்டில் கண் முகாம் போட்டார்கள். மாமா விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனான். இரண்டு கண்ணிலும் புரை என்று சொல்லி, பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். கட்டு அவிழ்த்த அன்றைக்கு மாமாவின் முகத்தைப் பார்த்து, "இன்னாடா, இவ்ளோ கிழவனாயிட்ட" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "யக்கா, இனிமே சொல்லலாம்னு நெனைக்கிறேன். மதி சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினான்" என்று ஆரம்பித்தான்.

நான் கூடையைக் கவிழ்த்த அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிட்டதாம். நீ மாமாவிடம் போட்டை எடுத்துக்கொண்டு போகச் சொல்வாயாம், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எழுத்தில் பெயர் எழுதின சார்ட்டைப் போட்டின் பக்கவாட்டில் ஒட்டி. நீ லைட்ஹவுஸ் பக்கம் கரையில் நின்று, கண்ணுக்கு மேல் பால் கவரைக் கழுவிக் கட்டிக்கொண்டு பார்ப்பாயாம். "உன் கண்ணு எப்டித் தெரியும்னு பாக்கத்தான்க்கா" என்றான் மாமா. உருண்டை எழுத்து எல்லாம் கவருக்குள் கரைந்து போய்விட்டதாம். நீ உடைத்து எழுதினது மட்டும் கரையவில்லையாம். "படிக்க முடியாது மாமா, ஆனா அம்மா எங்கருந்தாலும் கண்டுபுடிச்சிடும்" என்று நீ குதித்தாயாம். எல்லாரிடமும் அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னால் அம்மா உடைந்துபோகும் என்று வாயை மூடிக்கொண்டாயாம். அவன் சொல்லி முடித்ததும் நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் அன்றைக்கு நடக்கவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளப்போகிற பிள்ளைக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ரேவதிக்கு நல்லது செய்தால் சொல்லிவிட்டுச் செய். அவள் மனசு நோகக் கூடாது என்று இப்படி மறைத்து மறைத்துச் செய்யாதே. நீ என்னிடம் "உனக்குக் கண்ணு தெரியல, அதுக்குத்தான்" என்று நேராகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் உன் தட்டில் மீன் வைத்திருப்பேன். இரண்டு வருஷம் போயிருக்காது. அவளுக்கும் இதை நீயே சொல்லிவிடு: பிடிக்காததைப் பார்த்தவுடனே பெயின்ட் டப்பாவைத் தூக்கக் கூடாது, ஒரு நாளாவது பொறுக்க வேண்டும் என்று உன் மாமியார் சொன்னாள் என்று. அந்த மாமியாருக்கு அது வராது, அதனால்தான் சொல்கிறாள்.

போட்டு, ஓட்டை அடைப்பதற்காக ஒரு வாரம் மணலில் ஏறிக் கிடந்தது. தின்னரும் உப்புத்தாளும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாமா செய்கிறேன் என்றான், விடவில்லை. அடித்தவள்தானே சுரண்ட வேண்டும்? நாலு நாள் ஆயிற்று. முதலில் 'ம' வந்தது. 'லை' வந்தது. 'ழு' கடைசியில்தான் முழுசாக வந்தது. அதை நீ எத்தனை இடத்தில் முறித்து, எங்கே சேர்த்திருக்கிறாய் என்று அப்போதுதான் புதுக் கண்ணால் விரல் வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு நீ விட்டிருந்த வெள்ளையில் என் உள்ளங்கை சரியாக உட்கார்ந்தது. அழகாக இருக்கிறது, மதி. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது.

நேற்றுக் காலையில் போட்டு மறுபடியும் கடலுக்குப் போய்த் திரும்பியது. நான் முன்னாடியே போய் லைட்ஹவுஸ் பக்கம், நீ நின்ற இடம் என்று மாமா காட்டிய இடத்தில் நின்றுகொண்டேன். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டேன். இடது கண்ணில் இன்னும் புரை அப்படியேதான் இருக்கிறது. கடல், வானம், இருபது போட்டு, எல்லாம் பழையபடி ஒரே வெள்ளைப் புகை. கொஞ்ச நேரத்தில் அந்தப் புகைக்குள் ஒரு கறுப்பு தெரிந்தது. அது மட்டும் கரையாமல் வந்துகொண்டே இருந்தது. கஸ்தூரி பக்கத்தில் வந்து, "இன்னா யக்கா, கண்ண மூடிகினு நிக்குற? எந்தப் போட்டு வருது?" என்று கேட்டாள். கையை எடுக்காமலே சொன்னேன், "ஏழுமலை போட்டு." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

இனி நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் சுரண்டின சுரண்டலில் எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறிக் கிடக்கிறது. மாமா ஒரு பெயின்டரைக் கூட்டிவருகிறேன் என்றான், யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் ரேவதியையும் கூட்டிக்கொண்டு வா. உன் பட்டை பிரஷ் பரண் மேல் அப்படியே இருக்கிறது, கழுவி வைத்திருக்கிறேன். நீ எழுது, நான் இந்தத் தடவை கிட்டே வரமாட்டேன், நீ சொல்கிற இடத்தில் போய் நிற்கிறேன். இடது கண்ணுக்கு அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு வரச் சொன்னார்கள். பையன் வந்துவிட்டுப் போகட்டும், அப்புறம் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதுவரை அந்தக் கண் அப்படியே இருக்கட்டும். அந்தக் கண்ணுக்காகத்தானே நீ எழுதினாய்.

அம்மா